செவிலித்தாயும் பிள்ளைமடுவத்து ஆயாவும்: மலையகத் தோட்டங்களிற் பிறர் பிள்ளை பேணியோரின் தொழில்நிலை குறித்த ஒரு வரலாற்று நோக்கு

பழந்தமிழ் அகத்திணை மரபிலே நற்றாயோடு ஒருங்கு வைத்துப் பேசப்படுபவள் செவிலித்தாய். பெற்றவள் ஒருத்தி, பேணி வளர்த்தவள் மற்றொருத்தி என்ற நிலைமையை அம்மரபு இயல்பாகவே ஏற்றுக்கொண்டது. தொல்காப்பியர் செவிலியின் கூற்று நிகழும் இடங்களைத் தனியே வகுத்தார். தலைவிக்கு உற்ற துணையான தோழியைச் செவிலியின் மகளாகவே கொண்டார். பிறர் பிள்ளையைத் தன் பிள்ளையாகப் பேணும் பெண்ணுக்கு இலக்கியத்திலே பேசும் உரிமை வழங்கப்பட்டது என்பது இதனாற் பெறப்படும். ஆயின், வாழ்க்கையிலே அவளுக்கிருந்த உரிமை யாது? அவளது உழைப்பு தொழிலாகக் கொள்ளப்பட்டதா, அன்றி அன்பின் கடமையாக மட்டும் எண்ணப்பட்டதா? இவ்வினாக்களை நாம் அதிகம் எழுப்பியதில்லை.

இலங்கையின் மத்திய மலைநாட்டிலே, நுவரெலியா, ஹற்றன், டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவை, தலவாக்கலை ஆகிய பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களில் வாழ்ந்த ஒரு செவிலியை முன்னிறுத்தி இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தோட்டத்து மக்கள் அவளை ஆயா என்றனர். அவள் பணியாற்றிய இடத்தைப் பிள்ளைமடுவம் என்றும் பிள்ளைக்காம்பரா என்றும் வழங்கினர். பிறர் பிள்ளை பேணுவோருக்குரிய ஏற்பு என்பது இரு கூறுகளை உடையது. உழைப்பவர் என்ற வகையிற் கிடைக்கும் ஊதியமும் ஓய்வுகால நலன்களும் சங்கமாகக் கூடும் உரிமையும் ஒரு கூறு. கற்றுத் தேர்ந்த தொழிலொன்றைச் செய்பவர் என்ற வகையிற் கிடைக்கும் பயிற்சியும் பதவிப்பெயரும் மதிப்பும் மற்றைய கூறு. மலையகத்து ஆயாவின் வரலாறு, இவ்விரண்டும் ஒருங்கே கிடைக்காமையின் வரலாறு என்பதே நாம் ஈண்டு நிறுவ முற்படுவதாகும்.

முதலிற் பொருளாதாரப் பின்னணியை நோக்குதல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே தொடங்கிய கோப்பிச் செய்கை பருவகால உழைப்பையே பெரிதும் வேண்டி நின்றது. தென்னிந்தியாவிலிருந்து வந்தோர், பெரும்பாலும் ஆடவர், பழம் பறிக்கும் காலம் முடிந்ததும் ஊர் திரும்பினர். 1869இற் பரவத் தொடங்கிய இலைநோய் கோப்பியை அழித்தது. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்னர், 1867இல், லூல்கொந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் பயிரிட்ட தேயிலை, பின்வந்த இரு தசாப்தங்களில் மலைகளை மூடிப் படர்ந்தது. கோப்பியைப் போலத் தேயிலை பருவம் பார்ப்பதில்லை. ஆண்டு முழுவதும், வாரமொரு முறையென, அதன் கொழுந்தைக் கிள்ளியெடுத்தல் வேண்டும். கிள்ளும் வேலை பெண்களிடம் விடப்பட்டது. ஆகவே துரைமாருக்குத் தேவைப்பட்டது தனியாளன்று. மனைவியோடும் மக்களோடும் லயத்திலே நிலையாகத் தங்கும் குடும்பமே. இம்மாற்றத்தின் நேர்விளைவாகப் பகற்பொழுதிலே தாயற்றிருக்கும் கைக்குழந்தை தோன்றியது. காலைப் பெரட்டு முடிந்து மலையேறிய தாய் மாலையிற் கொழுந்து நிறுத்த பின்னரே திரும்பினாள். இடைப்பட்ட பொழுதில் அக்குழந்தையைப் பார்ப்பது யார்?

தொடக்கத்தில் இதற்குரிய விடையைக் குடும்பமே தேடிக்கொண்டது. வேலைக்கு இயலாத பாட்டி லயத்துக் காம்பராவிற் குழந்தைகளை வைத்துக்கொண்டாள். பாட்டி இல்லாத வீட்டிலே மூத்த பெண்பிள்ளை அப்பொறுப்பை ஏற்றாள். தோட்டப் பிள்ளைகளுக்குக் கல்வி வழங்குவதைக் கட்டாயமாக்கிய கிராமப் பாடசாலைகள் கட்டளைச்சட்டம் 1907இல் இயற்றப்பட்ட பின்னரும், தம்பியை இடுப்பிற் சுமந்த சிறுமிக்குப் பள்ளிக் கதவு திறந்திருந்தும் மூடியதாகவே இருந்தது. மலையகப் பெண்கல்வியின் பின்னடைவை ஆராய்வோர் பள்ளிக்கூடத்தை மட்டுமன்றிப் பிள்ளைமடுவத்தையும் நோக்குதல் தகும்.

1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச்சட்டம் இவ்விடயத்திற் கூர்ந்து நோக்கத்தக்கது. தோட்டத்திற் பிள்ளை பெற்ற பெண்ணுக்கு ஒரு மாத காலம் உணவும் உறைவிடமும் வழங்குதல் தோட்டத் துரையின் கடமை என்றது அச்சட்டம். அதனோடு, தோட்டத்தில் வாழும் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகள் தக்க பராமரிப்பும் போசாக்கும் பெறுவதை உறுதிசெய்வதும் அவர் கடமையே என்றது. ஏட்டிலே இது முற்போக்கான விதியாகும். ஆனால் பராமரிப்பு என்னும் செயலைக் கட்டாயமாக்கிய அவ்விதி, அச்செயலைச் செய்பவர் இன்னார் என்று கூறவில்லை. அவருக்கு எத்தகைய தகுதி வேண்டும், அவரது ஊதியம் யாது என்பனவும் கூறப்படவில்லை. எழுவாய் இல்லாத வாக்கியம் போல அது அமைந்தது. அவ்வெழுவாயின் இடத்தை நிரப்பியவளே ஆயா.

பிள்ளைமடுவம் என்ற சொல்லே ஒரு வரலாற்றை உள்ளடக்கியது. கொட்டகையைக் குறிக்கும் மடுவம் சிங்கள மொழியிலிருந்து வந்தது. அறையைக் குறிக்கும் காம்பராவும், பிள்ளை பார்ப்பவளைக் குறிக்கும் ஆயாவும் போர்த்துக்கேய மூலத்தன. பறித்த கொழுந்தைக் கொண்டுசென்று நிறுக்கும் இடம் கொழுந்து மடுவம். பெற்ற குழந்தையைக் கொண்டுசென்று விடும் இடம் பிள்ளைமடுவம். இரண்டையும் ஒரே சொல்லால் வழங்கிய மக்கள், தோட்ட நிர்வாகத்தின் கணக்கிலே இரண்டும் எவ்வாறு கருதப்பட்டன என்பதைத் தாமறியாமலே சொல்லிவிட்டனர் எனலாம். எனினும் ஒரு வேறுபாடு உண்டு. கொழுந்து மடுவத்திலே ஒவ்வொரு இறாத்தலும் எழுத்திற் பதிவாயிற்று. பிள்ளைமடுவத்திலே நிகழ்ந்த உழைப்புக்கு அத்தகைய அளவுகோல் எதுவும் இருக்கவில்லை.

அவ்வுழைப்பின் தன்மையைச் சற்று விரித்துரைத்தல் பொருந்தும். தகரக் கூரையிட்ட நீண்ட அறை, குறுக்குச் சட்டங்களிலே பழஞ்சேலையாற் கட்டிய ஏணைகள், மலைநாட்டுக் குளிர். பெரட்டுக்கு முன்னரே தாய்மார் குழந்தைகளை ஒப்படைப்பர். ஏணைக் குழந்தை முதல் பள்ளி செல்லும் வயதை அடையாத பிள்ளைவரை அனைவரும் ஒருவர் அல்லது இருவர் பொறுப்பிலே விடப்படுவர். பாலூட்டும் தாயர் மலையிலிருந்து இறங்கி வரும்வரை அழும் குழந்தையை ஆற்றுதல், பால்மாவும் கஞ்சியும் புகட்டுதல், துணி மாற்றிக் கழுவுதல், காய்ச்சல் கண்ட பிள்ளையைப் பிரித்துவைத்துத் தோட்ட மருந்தகத்துக்கு அறிவித்தல், தவழும் பிள்ளையை அடுப்பினின்றும் படியினின்றும் காத்தல் ஆகிய யாவும் அவள் பொறுப்பாயின. எந்தக் குழந்தை எந்த அழுகையை எதற்காக அழும் என்பதை அறிதல் ஓர் அறிவுத்துறையே. அது ஏட்டிலே எழுதப்படாமையாலும் முதிய பெண்களிடம் இருந்தமையாலும் அறிவு என மதிக்கப்படவில்லை.

இத்தகைய பணிக்குத் தெரிவுசெய்யப்பட்டவர் பெரும்பாலும் மலையேறும் வலு குறைந்த பெண்கள். வயது முதிர்ந்தவர், நோயுற்று எழுந்தவர், துணையற்றவர் ஆகியோருக்கு அளிக்கப்பட்ட இலகு வேலையாகவே நிர்வாகம் அதனைக் கருதியது. அவளுக்குப் பேர் விழுந்தது. அதாவது செக்ரோலில் ஒரு நாள் வேலை பதியப்பட்டது. ஆனால் அது கொழுந்தெடுக்கும் பெண்ணாளின் பேரே, ஆயாவின் பேரன்று. 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் குறைந்தபட்ச வேதன (இந்தியத் தொழிலாளர்) கட்டளைச்சட்டத்தின்வழி 1929இல் மலைநாட்டுத் தோட்டங்களுக்கு வகுக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம் என அமைந்தது. அப்பட்டியல் ஆண், பெண், சிறுவர் என உடலை வகுத்ததேயன்றித் தொழிலை வகுக்கவில்லை. ஆயாவுக்கு அங்கே தனியிடம் கிடையாது. கொழுந்தெடுப்பவளுக்கு நிறைக்கு மேல் எடுத்த கொழுந்துக்கு மேலதிகப் பணம் உண்டு. பிள்ளைமடுவத்திலே மேலதிகமாய் ஒரு குழந்தை சேர்ந்தால் மேலதிக வேலை மட்டுமே உண்டு.

இதனால் விளைந்த நிலை விசித்திரமானது. 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம், 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம், 1984இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வேதனம் என வந்த மாற்றம் ஆகியவற்றின் பயன்கள், செக்ரோலிற் பதிவுபெற்ற தொழிலாளி என்ற வகையில் ஆயாவையும் எட்டின. உழைப்பவர் என்ற முதற் கூறு அவளுக்கு ஓரளவு கிடைத்தது. தொழில் வல்லுநர் என்ற இரண்டாம் கூறோ கிடைக்கவில்லை.

இவ்விடத்திலே ஓர் ஒப்பீடு தெளிவு தரும். தோட்டத்துக் குழந்தையின் முதற் பத்தாண்டுகளில் அதனைப் பொறுப்பேற்றவர் மூவர்: பேறு பார்த்த மருத்துவமாது, பிள்ளைமடுவத்து ஆயா, தோட்டப் பாடசாலை ஆசிரியர். மருத்துவமாதர் பதிவுபெற வேண்டும் என்ற ஒழுங்கு 1927ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டளைச்சட்டத்தின்வழி நிலைபெற்றது. பயிற்சியும் பதவிப்பெயரும் அவர்களுக்கு உரியவாயின. தோட்ட ஆசிரியரும் நெடுங்காலம் துரையின் தயவிலே வாழ்ந்தவரே. எனினும் 1970களின் பிற்பகுதியில் அரசு தோட்டப் பாடசாலைகளைப் பொறுப்பேற்கத் தொடங்கியபின், ஆசிரியப் பணி அரச சேவையாகி, பயிற்சியும் ஓய்வூதியமும் உடைய தொழிலாயிற்று. பிறப்புக்குப் பொறுப்பானவரும் எழுத்தறிவித்தவரும் இவ்வாறு தொழிலுடையோராயினர். இடைப்பட்ட ஐந்தாண்டுகளைக் காத்தவள் மட்டும் தோட்டத்துக் கூலியாளாகவே நின்றாள். மனிதனின் உடலும் மூளையும் மிக விரைந்து வளரும் காலம் அவ்வைந்தாண்டுகளே என்பதை எண்ணும்போது இவ்வொழுங்கின் முரண் விளங்கும்.

இம்முரணுக்கு அரசியற் காரணமும் உண்டு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. நாடற்றவர் தோட்டத்திலே உழைக்கலாம். அரச சேவையிலே சேர முடியாது. 1964ஆம் ஆண்டின் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்றும் 300,000 பேருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை வழங்குவதென்றும் வகுத்தபோது, குடும்பங்கள் பிரிந்தன. பேரப்பிள்ளை ஒரு கரையிலும் பாட்டி மறு கரையிலுமாயினர். எஞ்சியிருந்த நாடற்றோரின் சிக்கல் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடுதான் பெரிதும் தீர்ந்தது. பிரஜையென ஏற்கப்படாத ஒருத்தி தன் பணி அரசின் பணியாக ஏற்கப்பட வேண்டும் என்று கோரும் நிலையில் இருக்கவில்லை. 1931இல் கோ. நடேசய்யர் ஹற்றனிலே தொழிற்சங்கம் நிறுவிய காலந்தொட்டு, சங்கங்களின் கோரிக்கைகளில் நாட்சம்பளமும் கடனும் குடியிருப்பும் பிரஜாவுரிமையுமே முதன்மை பெற்றன. அக்கால நெருக்கடியில் அது நியாயமே. ஆயினும் அந்நியாயத்தின் நிழலிலே ஆயா மறைந்துபோனாள் என்பதையும் பதிவுசெய்தல் வேண்டும்.

சட்டம் பிள்ளைமடுவத்தை மறக்கவில்லை. 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச்சட்டம் பின்வந்த திருத்தங்களோடு, விதிக்கப்பட்ட எண்ணிக்கைக்கு மேற்பட்ட பெண்களை வேலைக்கமர்த்தும் தொழில்தருநர் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் நடத்த வேண்டும் என்றது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பாலூட்டும் தாய்க்கு ஒன்பது மணிநேர வேலைக்குள் இரு இடைவேளைகள் வழங்கப்படல் வேண்டும் என்றும், காப்பகம் இருப்பின் ஒவ்வொன்றும் அரைமணி நேரத்துக்கும் இல்லையெனின் ஒரு மணிநேரத்துக்கும் குறையலாகாது என்றும் வகுத்தது. காப்பகம் ஒன்றிருந்தால் தாயின் இடைவேளை பாதியாகக் குறைகின்றது. ஆயாவின் இருப்பு தோட்டத்துக்கு எத்தனை உழைப்பு நேரத்தை மீட்டுக் கொடுத்தது என்பதைச் சட்டமே இவ்வாறு கணக்கிட்டுக் காட்டுகின்றது. கொழுந்து விளைச்சலுக்குள் ஆயாவின் உழைப்பும் அடங்கியிருந்தது என்று நாம் கூறுவது உருவகமன்று, வெறும் கணக்கேயாகும்.

1972, 1975 ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் அவற்றை நடத்தின. 1980களில் வெளிநாட்டு உதவியோடு சமூகநலத் திட்டங்கள் தோட்டங்களில் இடம்பெற்றன, பிள்ளைமடுவங்கள் சீர்செய்யப்பட்டன. 1992இல் முகாமைத்துவம் தனியார் கம்பெனிகளிடம் சென்றபோது, அரசு, கம்பெனிகள், தொழிற்சங்கங்கள் ஆகிய முத்தரப்பும் இணைந்த நிதியமொன்று நிறுவப்பட்டது. அதுவே 2002இற் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. அதன் வழிகாட்டலிற் பிள்ளைமடுவம் சிறுவர் அபிவிருத்தி நிலையமாயிற்று. ஆயா சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தரானாள். போசாக்கு, நோய்த்தடுப்பு, முன்பள்ளிக் கல்வி ஆகியவற்றிற் பயிற்சி வழங்கப்பட்டது. 2004இல் முன்பிள்ளைப்பருவப் பராமரிப்புக்கும் அபிவிருத்திக்குமான தேசியக் கொள்கை வெளிவந்தது. 2015இல் உலக வங்கி 5 கோடி அமெரிக்க டொலர் கடனுதவியோடு அங்கீகரித்த முன்பிள்ளைப்பருவ அபிவிருத்தித் திட்டம் தோட்டத்து நிலையங்களையும் உள்ளடக்கியது.

இம்மாற்றத்தைச் சிறிதென மதித்தல் தவறாகும். பெயர் மாறினால் மட்டும் என்ன என்று வினவுவோர், ஆயா என்று அழைக்கப்படுவதற்கும் உத்தியோகத்தர் என்று அழைக்கப்படுவதற்கும் இடையே தோட்டச் சமூகத்திலுள்ள தூரத்தை அறியாதவரே. தோட்டத்திற் பிறந்து, பள்ளிக்கல்வி முடித்து, கொழுந்துக்கூடை சுமக்காமல் தன் சமூகத்திற்கே பணியாற்றும் பெண்ணொருத்தியின் தொழிலாக அது உருவெடுத்தது. ஆயினும் இரு குறைகள் எஞ்சின. முதலாவது, கல்விச் சான்றிதழை வாயிலாக வைத்த ஏற்பு, அத்தொழிலைக் கட்டியெழுப்பிய முதிய பெண்களை அவ்வாயிலுக்கு வெளியே நிறுத்தியது. இரண்டாவது, பொறுப்புப் பலரிடம் பகிரப்பட்டது. நிலையத்தை நடத்துவது தோட்டம், பயிற்சி நிதியத்தினது, கொள்கை அரசினது, கட்டடப் பணம் பெரும்பாலும் உதவியளிப்போரது. பலர் கண்காணிக்கும் பணியாளருக்கு முழுப்பொறுப்புடைய தொழில்தருநர் யாவர் என்பது தெளிவாக இருத்தல் அவசியம்.

இந்திய அனுபவம் இங்கே பாடமாகும். அந்நாட்டின் 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், பிள்ளைக் காப்பகங்கள் குழந்தைப் பராமரிப்பிற் பயிற்சி பெற்ற பெண்களின் பொறுப்பிலே இருத்தல் வேண்டும் என வெளிப்படையாகக் கூறியது. வால்பாறை, நீலகிரித் தோட்டங்களுக்கும் அது பொருந்தியது. எங்கள் 1912ஆம் ஆண்டுச் சட்டத்தில் விடுபட்ட எழுவாய் அங்கே எழுதப்பட்டது. ஆனால் தோட்டத்துக்கு வெளியே, 1975 ஒக்ரோபர் 2ஆம் திகதி தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டத்தின் அங்கன்வாடிப் பணியாளருக்கு நேர்ந்தது வேறு. அவர்களுக்குப் பெயரும் பயிற்சியும் இருந்தன. சம்பளமில்லை, மதிப்பூதியமே இருந்தது. 2006இல் இந்திய உச்ச நீதிமன்றம் அவர்கள் அரச பதவி வகிப்போர் அல்லர் என்றது. 2022 ஏப்பிரலில் அதே நீதிமன்றம் அவர்கள் பணிக்கொடைக்கு உரித்துடையோர் என்று தீர்த்தது. இவ்வாறு அங்கே தொழில்மதிப்பு முன்னும் உழைப்புரிமை பின்னுமாக வந்தன. மலையகத்து ஆயாவின் நிலை இதன் தலைகீழ் வடிவமாகும்.

மேலைநாடுகளிலும் இவ்வழக்கு ஓய்ந்ததில்லை. பெற்றோரோடு வாழ இயலாத பிள்ளைகளைத் தம் இல்லத்தில் வைத்துப் பேணும் வளர்ப்புப் பராமரிப்பாளர் பிரித்தானியாவிலே தேர்வும் பயிற்சியும் மேற்பார்வையும் உடையோர். எனினும் அவர்களுக்கும் உள்ளூராட்சி அமைப்புக்கும் இடையே உள்ளது தொழில் ஒப்பந்தமன்று என்பதே நீதிமன்றங்களின் நெடுநாளைய நிலைப்பாடு. 2021இல் இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம், சங்கமாகக் கூடும் மனித உரிமையின் பொருட்டேனும் அவர்களது தொழிற்சங்கம் பதிவுபெறுவதைத் தடுத்தலாகாது என்றது. ஊதியம் கேட்டால் அன்பு குறையும் என்னும் வாதம் அங்கும் எழுப்பப்பட்டது. ஆசிரியர் சம்பளம் பெறுவதாற் கல்வியோ, தாதி சம்பளம் பெறுவதாற் கருணையோ குறைந்ததாக எவரும் கூறுவதில்லை என்பதே அவ்வாதத்திற்கான விடையாகும்.

இரு கூறுகளும் அற்றவள் ஒருத்தி இன்னும் எஞ்சியிருக்கிறாள். அவள் லயத்துப் பாட்டி. 1980கள் முதல் மலையகத் தாய்மார் பலர் மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டுப் பணியாளராகச் சென்றபோது, பிள்ளைகள் பகற்பொழுதுக்கல்ல, ஆண்டுக்கணக்கிற் பாட்டியிடம் விடப்பட்டனர். 2013இல் இலங்கை அரசு குடும்பப் பின்னணி அறிக்கையைக் கட்டாயமாக்கி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுடைய தாய்மார் இவ்வேலைக்குச் செல்வதைத் தடுத்தது. ஏனையோர் பிள்ளைகளின் பராமரிப்புக்குத் தக்க ஏற்பாடு காட்ட வேண்டும் என்றது. 2022இல் அவ்விதிகள் தளர்த்தப்பட்டன. அவ்வறிக்கைப் படிவத்திலே பாட்டிக்கு முதன்முறையாக ஓர் இடம் கிடைத்தது. ஆனால் அது பொறுப்பேற்கும் இடமே. உதவித்தொகையோ ஓய்வோ கோரும் இடமன்று. 1912ஆம் ஆண்டுச் சட்டத்தின் பழைய வாக்கியம் ஒரு நூற்றாண்டின் பின்னரும் திரும்பி வந்தது.

தொழிலாளரின் நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபாயாகவும் 2024இல் 1350 ரூபாயாகவும் சம்பளச் சபையின்வழி நிர்ணயிக்கப்பட்டபோது, அச்செய்தி நாடெங்கும் விவாதிக்கப்பட்டது. பிள்ளைகளைப் பேணுவோரின் ஊதியம் அவ்விவாதங்களில் இடம்பெறுவது அரிது. இதற்கிடையே பதிவுபெற்ற தொழிலாளர் தொகை சுருங்கி வருகின்றது. தேயிலை மலைகளைத் துண்டுகளாகக் குடும்பங்களிடம் விட்டுக் கொழுந்தை நிறைக்கு வாங்கும் முறை பரவுகின்றது. காப்பகம் நடத்தும் கடமை பெண் தொழிலாளரின் எண்ணிக்கையோடு பிணைக்கப்பட்டிருப்பதனால், செக்ரோல் சுருங்கும்போது நிலையமும் அதன் உத்தியோகத்தரும் என்னாவர் என்ற வினா எழுகின்றது. துண்டு நிலத்திற் கொழுந்தெடுக்கும் தாய்க்கும் கைக்குழந்தை உண்டு.

ஆகவே இவ்வரலாறு உணர்த்தும் முடிபு இதுவாகும்: சிறுவர் அபிவிருத்தி நிலையம் தேயிலை உற்பத்தியின் துணை ஏற்பாடாக அன்றி, பாடசாலையைப் போலப் பிள்ளையின் உரிமையாகக் கொள்ளப்படல் வேண்டும், அங்கே பணியாற்றுவோர் ஆசிரியரைப் போல இரு கூறுகளையும் ஒருங்கே பெறுதல் வேண்டும். பெற்றுக்கொண்ட பதவிப்பெயருக்காகச் சேமலாப நிதியையும் பணிக்கொடையையும் சங்க உரிமையையும் இழக்க நேரலாகாது. அனுபவத்தால் வல்லுநராகிய முதியோருக்கு அவ்வனுபவத்தையே தகுதியாகக் கொள்ளும் வழியும் வகுக்கப்படல் வேண்டும். சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்து மக்களின் பாடல்களைத் திரட்டியமையால் அவர்தம் குரலின் ஒரு பகுதி அழியாது நின்றது. பிள்ளைமடுவத்திலே முதுமையடைந்த பெண்கள் இன்னும் நம்மிடையே உள்ளனர். அவர்களது தொழிலறிவைக் கேட்டெழுதும் பணி, செவிலி கூற்றைப் பாடமாகப் படிக்கும் பல்கலைக்கழகத் தமிழ் மாணவரிடமே முதலிற் சேர்கின்றது.